அக்காவுக்கு ஒத்துவராத குளிசை

முதலில் என்னை அடையாளம் தெரியாதென்று சொன்னது என்னுடைய கைத்தொலைபேசிதான். கனடாவில், மல்வேர்னில் ஒரு பனிக்காலக் காலை, பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க அதை முகத்துக்கு நேரே பிடித்தேன். திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், கழுத்துத் துணியை இறக்கினேன், தொப்பியையும் கழற்றிவிட்டுக் குளிரில் நின்றேன். இன்னொரு தடவை முயலுங்கள் என்று மட்டும் வந்தது. சனியனே என்று திட்டிவிட்டு இலக்கங்களைத் தட்டித் திறந்தேன். அன்றைக்கு முழுக்க அது என்னை ஏற்றுக்கொள்ளவில்லை.

பின்னேரம் மகளிடம் காட்டினேன். இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என் கன்னத்தை இரண்டு விரலால் அமத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, உங்கட ஃபேஸ் சேஞ்ச் ஆயிட்டுது. ஃபோனுக்கு நீங்கள் வேற ஆள். நியூ ஃபேஸ் அட் பண்ணி விடட்டோ?"

வேண்டாம் என்றேன். அந்த முகத்தை எங்கேயும் பதிந்து வைக்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

முகம் ஊதியதற்குக் காரணம் பிரெட்னிசோன் என்ற குளிசை. அதைப் போட வேண்டி வந்ததற்குக் காரணம் வாஸ்குலைற்றிஸ் என்ற இரத்தக் குழாய் நோய். அந்தப் பெயரை நான் ஒழுங்காகச் சொல்லப் பழகுவதற்குள் அது என் மூக்கையும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. முதலில் மூக்கால் இரத்தம் வந்தது. வீட்டு ஹீற்றரின் காய்ந்த காற்று என்றேன். மூட்டுகள் நொந்தன. வயது என்றேன். முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் வந்தன. புதுச் சவர்க்காரம் என்றேன். எதற்கும் ஒரு மறுமொழி வைத்திருக்கிற ஆள் நான். மில்லிக்கனில் ஒரு பல் வைத்தியரிடம் முன்மேசையில் வேலை செய்கிறேன். ஒருநாள் அங்கே இருமியபோது கடதாசித் துணியில் இரத்தம் தெரிந்தது. அதற்கு மறுமொழி வரவில்லை. பல் வைத்தியரே என்னைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த வைத்தியர் நெட்டையான, மெதுவாகக் கதைக்கிற ஒரு பெண். படம் கீறி விளங்கப்படுத்தினார். உடம்பில் காவலுக்கு நிற்கிற அணுக்கள் வீட்டு ஆளை வெளியாள் என்று நினைத்து இரத்தக் குழாய்களின் சுவரை அடிக்கின்றன. பிரெட்னிசோன் அந்தச் சண்டையை உடனே அமத்தும். ஆனால் கனகாலம் அந்த அளவில் போடக் கூடாது. அதனால் பயோலொஜிக் மருந்து ஒன்று, ரிட்டுக்சிமாப் என்று பெயர், கையில் ஊசி குத்தி ஏற்ற வேண்டும். இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அது ஒழுங்காக ஏறினால் பிரெட்னிசோனைப் படிப்படியாகக் குறைக்கலாம். ஏறாவிட்டால் என் இரண்டு சிறுநீரகமும் இந்த வருடத்தைத் தாண்டாது. இதையும் அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

பிரெட்னிசோன் போட்ட இரண்டாம் மாதம் என் கன்னங்கள் காதுவரை போய்விட்டன. தாடை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. பிளாசாவில் ஒரு அன்ரி வழிமறித்து, "இப்பதான் பிள்ளைக்குக் கனடாத் தண்ணி பிடிச்சிருக்கு" என்றார். ஓம் அன்ரி, முப்பது வருசம் பிடிச்சது என்று சொல்லிவிட்டு வந்தேன். நோயென்று வெளியில் சொன்னால் இரவுக்குள் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும். கொழுப்பென்று நினைக்கட்டும்.

அன்ரிமார் நினைப்பதைத் தாங்கலாம். என் அம்மா நினைத்ததுதான் வேறு.

அம்மா எங்களோடு இருக்கிறார். நான், மகள், அம்மா, மூன்று பேர்தான் வீட்டில். மகளின் அப்பா பிரிந்துபோனது வேறு கதை, அதை இங்கே எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. நடை இருக்கிறது, கண் இருக்கிறது, நினைவு மட்டும் இடைக்கிடை வழிதவறிப் போய்த் திரும்பி வரும். ஒருநாள் காலை நான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு குசினிக்குள் போனேன். அம்மா அடுப்படியில் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். அவருடைய முகம் முழுக்க ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"எப்ப வந்தனி, மூத்தவள்?"

நான் சின்னவள். மூத்தவள் என் அக்கா. அக்கா காணாமல் போய் முப்பது வருடம்.

இதைச் சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் மிச்சம் ஒன்றும் விளங்காது. கனடாவுக்கு வர ஏஜென்சிக்காரர் கடதாசிகள் செய்தது அக்காவுக்கு. அவளுக்கு இருபது வயது, எனக்குப் பதினேழு. பயணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க அக்கா சைக்கிளில் போனாள். சட்டை தையற்காரியிடமே கிடந்தது. ஊரில் சண்டைக் காலம். யார் கொண்டுபோனார்கள், எந்தப் பக்கத்தார், ஒன்றும் இன்றுவரை தெரியாது. பயண நாள் நெருங்கியது. பாஸ்போட் படத்தில் இருந்தது அக்காவின் உருண்டை முகம். நான் ஈர்க்குக் குச்சி. அம்மா எனக்குப் பாலும் முட்டையும் பருக்கி, அக்காவின் பெயரிலேயே என்னை ஏற்றிவிட்டார். விமான நிலையத்தில் அதிகாரி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, மெலிந்துவிட்டாய் என்றார். தலையாட்டினேன். அன்றிலிருந்து நான் அக்கா. வயதும் அவளுடையது, பெயரும் அவளுடையது. பிறகு அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டதும் அந்தப் பெயரில்தான். ஆட்கள் முன்னால் அம்மா என்னை அக்காவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வீட்டுக்குள் மட்டும் சின்னவள். மகளுக்குக்கூட இது தெரியாது; சின்னவள் என்பது ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்காவைக் காணவில்லை என்று அம்மாவால் ஊரில் ஒரு முறைப்பாடுகூட எழுத முடியவில்லை. கனடாவில் இருக்கிற பிள்ளையைக் காணவில்லை என்று எந்தக் கந்தோரில் போய் எழுதுவது? அதனால் என் பெயரை எழுதிக் கொடுத்தார். காணாமல் போனவர்களின் ஏதோ ஒரு பட்டியலில் இன்றைக்கும் நான் கிடக்கிறேன்.

இப்போது இந்தச் சனியன் பிடித்த குளிசை என் முகத்தில் அக்காவைக் கொண்டுவந்து வைத்தது. பழைய பாஸ்போட்டின் பிரதியை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே கன்னம், கன்னத்துக்குள் ஒடுங்கிப்போன அதே சின்ன வாய். பார்த்துவிட்டு விளக்கை நூர்த்துவிட்டு வெளியே வந்தேன். பிறகு கனநாள் அந்தக் கண்ணாடி முன்னால் பல் தீட்டுவதற்குமேல் நிற்கவில்லை.

அம்மா இரண்டு தேத்தண்ணி போடத் தொடங்கினார். ஒன்று எனக்கு, சீனியில்லாமல். மற்றது அக்காவுக்கு, மூன்று கரண்டி. முகம் அதிகம் ஊதியிருக்கிற காலை நேரங்களில் என்னை அக்கா என்பார். பின்னேரம் கொஞ்சம் வற்றிய பிறகு சின்னவள் என்பார். ஒரு பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, அம்மா விரலை வாயில் வைத்தார்.

"சத்தம் போடாதை சின்னவள். அக்கா இப்பதான் படுத்தவள்."

என் அறையைத்தான் காட்டினார். போய்க் கதவைத் திறந்தேன். கட்டிலில் ஒருவரும் இல்லை. நான் காலையில் மடித்து வைத்த போர்வை விரித்துக் கிடந்தது. அம்மாதான் விரித்திருப்பார், வேறு யார்? ஆனாலும் நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஹோலில் சோபாவிலேயே ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தேழு வயதுப் பொம்பிளை, சொந்த அறைக்குள் போகப் பயந்துகொண்டிருந்தேன்.

முதல் மருந்து ஏற்றிய நாளைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஒரு நீளமான அறை, சாய்கதிரைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் பை. மருந்து பாதி எலி பாதி மனுசர் என்று மகள் எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொல்லியிருந்தாள். "இட்ஸ் பார்ட் மௌஸ் அம்மா, அது உங்கட மெமரி செல்ஸ் எல்லாத்தையும் வைப் பண்ணிப்போடும்." விசர்க்கதை கதையாதை என்று அதட்டினேன். தாதியிடம் கேட்டால் அவரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்: எலியின் அணுவிலிருந்து எடுத்த ஒரு துண்டை மனிதத் துண்டோடு சேர்த்துச் செய்ததாம். பழைய நோய்களை நினைவு வைத்திருக்கிற ஒரு வகை வெள்ளை அணுக்களைத் தேடிப் பிடித்துத் துடைத்துவிடுமாம்.

பையைக் கொளுவமுன் தாதி கேட்டார்: உங்களுடைய பெயர், பிறந்த திகதி? அக்காவின் பெயரையும் அக்காவின் திகதியையும் சொன்னேன். மருந்து சொட்டுகிற வேகத்தைக் கூட்டும்போது மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். முப்பது வருடமாக எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன், ஒருநாளும் நாக்குத் தடுமாறியதில்லை. அன்றைக்கு, அக்காவின் முகத்தோடு இருந்துகொண்டு சொல்லும்போது, நான் பொய் சொல்லவில்லைபோல இருந்தது. அதுதான் பயங்கரம்.

ஒவ்வாமை வராமலிருக்க முதலே ஒரு ஊசி போடுவார்கள், அது நித்திரையாக்கும். கண்ணைத் திறந்தபோது முதல் பை முடிந்து இரண்டாவது பை தொங்கியது. இரண்டாவது பைக்கும் பெயரைக் கேட்டிருக்க வேண்டுமே என்றேன். தாதி சிரித்தார். கேட்டோமே, கண்ணை மூடிக்கொண்டே பெயரும் திகதியும் அச்சொட்டாகச் சொன்னீர்களே என்றார். எனக்கு ஒன்றும் நினைவில்லை. நித்திரைக்குள் யாருடைய பெயர் வந்தது என்று அவரிடம் கேட்கத் துணிவில்லை. மருந்து தொடர்ந்து ஏறியது. ஆகவே சரியான பெயரைத்தான், அக்காவின் பெயரைத்தான், யாரோ என் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் விஷயம் இறுகியது. காவல் அணுக்களைத் துடைத்துவிட்டால், எல்லாருடைய நெஞ்சிலும் சும்மா கிடக்கிற ஒரு கிருமி எழும்பி நுரையீரலைப் பிடித்து ஆளையே முடித்துவிடும். அதைத் தடுக்க ஒரு காவல் குளிசை போட வேண்டும். அது சல்பா சேர்ந்த குளிசை. என் கோப்பில் சிவப்பெழுத்தில் ஒரு வரி இருந்தது: சல்பா கடுமையாக ஒத்துவராது, வாய் பொக்களித்து உதடு உரிந்தது.

அந்த வரி எனக்குத் தெரியும். பயணத்துக்கு முதல் அம்மா அக்காவைப் பற்றி எல்லாவற்றையும் எனக்குப் பாடமாக்கினார். பிறந்த திகதி, பள்ளிக்கூடம், முழங்கால் தழும்பு, கடைசியாக, சல்பா குளிசை. விமான நிலையத்தில் அதை எவன் கேட்கப் போகிறான்? ஆனால் அம்மாவுக்குப் பயம், எதையும் மிச்சம் விடவில்லை. வந்து இரண்டாம் மாதம் ஸ்காபரோவில் குடும்ப வைத்தியர், ஏதாவது மருந்து ஒத்துவராதா என்று கேட்டார். என் வாய் தானாகச் சொன்னது. அவர் எழுதினார். அதிலிருந்து கோப்புக்குக் கோப்பு அது என் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. பல் வைத்தியரின் முன்மேசையில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு இருபது பேரிடம் அதே கேள்வியைக் கேட்கிறவள் நான். யாராவது யோசித்துப் பதில் சொன்னால் எரிச்சல் வரும். உன்ரை உடம்பு உனக்குத் தெரியாதோ என்று மனதுக்குள் நினைப்பேன்.

சல்பாவுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் திரவம் தந்தார்கள், சுவரில் பூசுகிற பெயின்ற் மாதிரி. குடித்த ஒவ்வொரு தடவையும் சத்தி. ஒரு சொட்டு உள்ளே தங்கவில்லை. புகையாக இழுக்கிற இன்னொரு மருந்தைப் பரீட்சித்தார்கள். இரத்தம் கசிந்த நெஞ்சு அதைத் தாங்காமல் மூச்சுத் திணறியது. வைத்தியர் இரண்டாவது ஏற்றத்தை நிறுத்திவைத்தார். காவல் இல்லாமல் ஏற்றினால் அந்தக் கிருமி கொல்லும், ஏற்றாமல் விட்டால் சிறுநீரகம் போகும் என்றார். சல்பாவைக் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்க முடியாதா என்று கேட்டேன். உதடு உரிந்த ஆளுக்கு ஒரு துளியும் தரமாட்டேன், தோல் முழுக்கக் கழன்றுபோகும் என்றார்.

இந்தா, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அது நானில்லை, அக்கா. ஒரே ஒரு வசனம். வரவில்லை.

கடதாசிப் பயம் ஒருபக்கம் உண்மைதான். பெயர் பொய்யென்று தெரிந்தால் குடியுரிமையைப் பறிப்பார்களோ, அம்மாவையும் அனுப்புவார்களோ என்று முப்பது வருடம் வயிற்றில் கிடந்த பயம். ஆனால் என் வாயை அடைத்தது அது இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வாய் பொக்களித்தது அக்காவுக்கா, எனக்கா? இரண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல் வந்தது, ஒரே ஆஸ்பத்திரிக் குளிசை தந்தார்கள், அது நினைவிருக்கிறது. வீங்கிய உதட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தது நினைவிருக்கிறது. அதே உதடு என் முகத்தில் எரிந்ததும் நினைவிருக்கிறது. தண்ணீர் பட்டபோது சுரீரென்றது இன்றைக்கும் தெரிகிறது. முப்பது வருடம் 'எனக்கு, எனக்கு' என்று சொல்லிச் சொல்லி எது நான் கண்டது, எது நான் பட்டது என்று பிரிக்க முடியாமல் போயிருந்தது. பிழையாகச் சொன்னால் என் தோலே உரியும். இதை அறிந்த ஒரே ஒரு ஆள் அம்மா. அம்மாவிடம் சின்னவளாகப் போய்க் கேட்டேன்.

"அம்மா, சல்பா குளிசை ஒத்துவராதது ஆருக்கு? எனக்கோ, அக்காவுக்கோ?"

அம்மாவின் கண்ணில் பழைய பயம் வந்தது. எழும்பி யன்னல் திரையை இழுத்து மூடினார்.

"உனக்குத்தான். ஆர் கேட்டாலும் உனக்குத்தான் எண்டு சொல்லு. மாத்திச் சொல்லிப்போடாதை."

மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் அதே பதில். சின்னவள் கேட்டால் பாடம்தான் வரும். அந்தப் பாடத்தை அம்மா அவ்வளவு ஆழமாகப் புதைத்து வைத்திருந்தார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. நான் சாகப் போறன் அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ என்று கத்தினேன். அம்மா கத்துகிற என்னை விட்டுவிட்டு, அக்கா எழும்பிவிடப் போகிறாள் என்று அறைக் கதவைப் பார்த்தார்.

அப்போதுதான் என்ன செய்ய வேண்டும் என்று விளங்கியது. இரண்டு நாள் செய்யாமல் இருந்தேன். மூன்றாம் நாள் மகள் வகுப்புக்குப் போன பிறகு, காலையில், கண்ணாடியின் முன்னால் நின்றேன். நான் எடுப்பது நடு உச்சி. அக்கா கன்ன உச்சி. சீப்பால் கன்ன உச்சி எடுத்தேன். பொட்டைக் கொஞ்சம் மேலே வைத்தேன். இருபது வயதுக்குப் பிறகு அக்கா எப்படி இருப்பாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். கன்னத்தில் சுருக்கம், காதடியில் நரை. அவளும் என்னைப் பார்த்தாள். சத்தியமாக, நான் கண்ணை இமைத்ததும் அவள் இமைத்ததும் ஒரே நேரத்தில் இல்லை.

அம்மா யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நான் போய் முன்னால் இருந்தேன்.

"வந்திட்டியோ மூத்தவள்."

"ஓம் அம்மா."

பேசியது என் குரல்தான், ஆனால் அடித்தொண்டையிலிருந்து வந்தது. அக்கா அப்படித்தான் கதைப்பாள்.

"அம்மா, சின்னனில ஒரு குளிசை ஒத்துவராமல் வாய் பொக்களிச்சதெல்லோ. ஞாபகம் இருக்கோ?"

"மறப்பனோ! பெரியாஸ்பத்திரியில மூண்டு நாள் கிடந்தனி. சொண்டு முழுக்க உரிஞ்சு, ஒரு மிடறு கஞ்சி உள்ளுக்கு விடேலாமல்..."

"எனக்கோ? தங்கச்சிக்கு இல்லையோ?"

"உனக்குத்தானடி. சின்னவளும் அதே குளிசையைத்தான் போட்டவள், அவளுக்கு ஒண்டும் செய்யேல்லை. உன்ரை வாயைப் பாத்துப் பாத்து, தன்ரை வாயும் எரியுதெண்டு கட்டிலடியில நிண்டு குழறினவள். விசரி."

அம்மா சிரித்தார். வந்த வேலை முடிந்தது, எழும்பினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை எலும்பு, ஆனால் என்ன பிடி.

"எங்கையடி இருந்தனி இவ்வளவு காலமும்?"

நான் திரும்பவும் முன்னால் இருந்தேன்.

"அடிச்சவங்களோ?"

"இல்லை அம்மா."

"சாப்பாடு தந்தவங்களோ?"

"ஓம். தந்தவை."

எனக்கு என்ன தெரியும்? அவள் என்ன பட்டாளோ. அவளுடைய பெயரைத்தான் எடுத்தேன் என்றால் இப்போது அவள் பட்டதையும் எடுத்துப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்தார். சுவருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலக் குசுகுசுத்தார்.

"கோவிக்கக் கூடாது மோனை. உன்ரை பேரைச் சின்னவளிட்டைக் குடுத்திட்டன். பத்தொன்பது நாள்தான் பொறுத்தனான். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் வந்திருப்பியோ?"

எனக்கு இது தெரியாது. அம்மா என்னைக் காப்பாற்றினார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் அந்த இருபதாவது நாளை முப்பது வருடமாகக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அனுபவித்த ஒவ்வொன்றும், வேலை, வீடு, பிள்ளை, எல்லாம் அக்கா வரமாட்டாள் என்று அம்மா முடிவெடுத்த ஒரு காலையிலிருந்து வந்தவை.

"இல்லை அம்மா. வந்திருக்க மாட்டன்," என்றேன். "பேரைச் சின்னவளே வைச்சிருக்கட்டும்."

அம்மா என் கையை விட்டார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, சீப்பை எடுத்து, கண்ணாடியைப் பார்க்காமலே உச்சியை நடுவுக்கு மாற்றினேன்.

அடுத்த நாளே வைத்தியரிடம் போனேன். வசனத்தைப் பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். கோப்பில் இருக்கிற அந்த ஒவ்வாமை என்னுடையதில்லை, என் அக்காவினுடையது. அவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பினார். நிச்சயமா என்று கேட்டார். என் அம்மா சொன்னார் என்றேன். அக்கா இப்போது எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். குடும்பங்களில் பிள்ளைகளின் கதைகள் இப்படி மாறிப்போவது வழமை என்றார். அவ்வளவுதான்! முப்பது வருடம் பொத்திப் பொத்திக் காவிய பயம், வழமை. அக்காவின் பெயர் என்னவென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஆனாலும் கூடப்பிறந்தவளுக்கு வந்தால் உங்களுக்கும் வரலாம், சின்ன அளவில் தொடங்குவோம் என்றார். மேல்மாடியில் அதே சாய்கதிரை. பெயர், பிறந்த திகதி. ஒரு குளிசையின் கால்வாசித் துண்டு, ஒரு மிடறு தண்ணீர். அரைமணித்தியாலத்தில் என் கீழுதடு எரியத் தொடங்கியது. சுரீரென்று, நினைவில் இருந்த அதே எரிவு. தாதியைக் கூப்பிட்டேன். அவர் வெளிச்சம் அடித்து உதட்டைத் திருப்பிப் பார்த்தார், வாய்க்குள் பார்த்தார், கையைப் பார்த்தார். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். எரிவு நிற்கவில்லை. அடுத்த துண்டு தந்தார்கள், பிறகு முழுக் குளிசை. பின்னேரம்வரை எரிந்துகொண்டே இருந்தது. தோலில் ஒரு புள்ளி வரவில்லை. வைத்தியர் வந்து என் முன்னாலேயே அந்தச் சிவப்பு வரியை அழித்தார். என்னிடம் அக்காவின் உடம்பைப் பற்றி எஞ்சியிருந்த ஒரே ஒரு எழுத்து அது. போகட்டும் என்று விட என்னால் முடியவில்லை. கதிரையில் இருந்து விக்கி விக்கி அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தாதி முதுகைத் தடவினார்.

காவல் குளிசை உள்ளே தங்கியது. இரண்டாவது ஏற்றம் நடந்தது. சிறுநீரகத்தின் வேலை கீழே போவது நின்றது. கோடையில் கொஞ்சம் மேலேகூட ஏறியது. வைத்தியர் பிரெட்னிசோனைக் குறைக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவை குறைத்தபோதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, உள்ளுக்குள் யாரையோ வீட்டை விட்டு அனுப்புவதுபோலவும் இருந்தது. கன்னம் வற்றியது. தாடை வெளியே வந்தது. அம்மா காலையில் மூன்று கரண்டிச் சீனியோடு தேத்தண்ணியை வைத்துவிட்டு, ஹோலையும் அறையையும் எட்டிப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். அந்தத் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். மகள் கழுவி வைப்பாள்.

ஒரு காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றபோது அம்மா என்னைத் தன் பக்கம் திருப்பினார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், அங்கே எலும்புதான் இருந்தது.

"சின்னவள்."

"ஓம் அம்மா."

"அக்கா போயிட்டாளோ?"

படுத்திருக்கிறா என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு கிழமை என்று இழுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"ஓம் அம்மா. போயிட்டா."

"சொல்லிப்போட்டோ போனவள்?"

"ஓம். சொல்லிப்போட்டுத்தான் போனவ."

அம்மா மெல்லத் தலையாட்டினார். மேசையிலிருந்த சீனிப் போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

"அப்ப சரி," என்றார். "அண்டைக்குச் சொல்லாமல் போயிட்டாள்."